தலைகீழாய் நின்ற துடைப்பம்

சேத்சு அம்மாள் மூன்று நாள் தங்கிப் போவதாகத்தான் நாகோயாவிலிருந்து ரயிலேறி வந்தாள். ஓபோன் பண்டிகை முடிந்து, செத்துப்போன முன்னோர்களையெல்லாம் வாசலில் நெருப்புக் காட்டி வழியனுப்பிவைத்த மறுநாள் அது. செத்தவர்கள்கூட வந்த வேலை முடிந்ததும் ஒழுங்காகக் கிளம்பிப் போய்விட்டார்கள், இந்த அம்மாள் கிளம்புகிற வழியைத்தான் காணோம் என்று வீட்டுக்காரி சதாயோ மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். மனசுக்குள் சொன்னதோடு நிறுத்தியிருந்தால் ஒரு வம்பும் வந்திருக்காது.

நிஷிஹாரா கிராமத்தில் அது துடைப்பச் சோளம் அறுக்கிற காலம். மணி முற்றவிடக் கூடாது. ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிற தட்டையை வளைத்து, கதிர் பச்சையாக இருக்கும்போதே தாளோடு எடுத்துவிட வேண்டும். அன்றைக்கே மணி உதிர்த்து, கொதிநீரில் ஒரு முக்கு முக்கி, ஆற்றங்கரைக் கற்கள்மேல் பரப்பிக் காயப்போட வேண்டும். காய்கிறபோது ஒரு மழை நனைத்தால் தாளில் கறுப்பு விழுந்துவிடும். பச்சை மாறாத தாளில் கட்டின துடைப்பம் பாய் விரித்த கூடத்துக்குப் போகும். கறுப்பு விழுந்தது மாட்டுக்கொட்டிலுக்குப் போகும். வருஷம் முழுக்கக் கட்டுவதற்கான தாள் இந்தக் கொஞ்ச நாளில்தான் சேர வேண்டும் என்பதால், இந்த நாட்களில் நிஷிஹாராக்காரர்கள் காய்ச்சலில் படுக்கக்கூட யோசிப்பார்கள். விருந்தாளியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

ஆனால் இந்த விருந்தாளியைத் தட்ட முடியாது. சதாயோவுக்கு ஒரே மகள், ஹிசானோ. வீட்டுக்குப் பெயர் சொல்ல வெளியிலிருந்து மாப்பிள்ளை வந்தாக வேண்டும். சதாயோவின் புருஷன் ரிகிசோவும் அப்படி வீட்டோடு வந்த மாப்பிள்ளைதான். வந்த நாளிலிருந்து பெண்டாட்டி பேசி முடித்த பிறகு பேசலாம் என்று காத்திருக்கிறான், இன்னும் முறை வந்தபாடில்லை. ஹிசானோவுக்கு வாய்த்த பையன் பெயர் தெய்ஜி. நாகோயாவில் வீட்டுச் சாமான் கடை. வாளி, முறம், சோற்றுக்கூடை, மண்சட்டி, துடைப்பம் என்று ஒரு குடும்பத்துக்கு வேண்டியதெல்லாம் கூரையிலிருந்து தொங்கும். கடை அண்ணனுடையது. தம்பி தெய்ஜி லாரி ஓட்டிக்கொண்டு வருஷத்துக்கு இரண்டு தடவை துடைப்பம் ஏற்ற வருவான். போன வருஷம் தேவையில்லாமல் ஐந்தாறு தடவை வந்தான். கடைசித் தடவை ஏற்றுவதற்கு ஒரு துடைப்பமும் இல்லை. அப்போதுதான் ரிகிசோவுக்கே விஷயம் புரிந்தது.

தெய்ஜி நல்ல பையன். ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டான். "எங்க அத்தை சரின்னு சொல்லணும். அம்மா போனப்புறம் என்னையும் அண்ணனையும் வளத்தது அவங்கதான். அவங்க சரின்னு சொன்னா மறுநாளே வந்துடறேன். இல்லேன்னா மன்னிச்சுக்கங்க" என்றான். அந்த அத்தைதான் சேத்சு அம்மாள். வீட்டைப் பார்த்து, ஆட்களைப் பார்த்து, சொல்ல வேண்டியதைச் சொல்வதாக வந்தவள். வந்து பத்து நாளுக்கு மேலாயிற்று. சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

வந்ததிலிருந்து அவள் செய்த காரியமெல்லாம் சதாயோவுக்குக் குற்றமாகத்தான் பட்டது. விடிகிறதற்கு முன்னால் எழுந்து தன் படுக்கையைத் தானே மடித்துவைத்தாள். சதாயோ பெருக்கிவிட்டு வந்த அறையை மறுபடி ஒரு தடவை பெருக்கினாள். தேநீர் ஊற்றினால் பாதிக் கோப்பை போதும் என்று கையால் மறைத்தாள். சோற்றை இரண்டாம் தடவை வாங்கவில்லை. 'நம்ம வீட்டுல எதுவும் இறங்கல போல' என்று சதாயோ கறுவிக்கொண்டாள்.

அன்றைக்கும் மணி உதிர்க்கிற வேலை. ஹிசானோ கால்மிதி எந்திரத்தில் ஏறி மிதிக்க, உருளை கடகடவென்று சுற்றியது. சதாயோ கதிர்களைக் கைநிறைய அள்ளி அதில் காட்டினாள். பச்சை மணிகள் தெறித்து முகத்திலும் கழுத்திலும் ஒட்டின. அந்தப் பக்கம் அண்டாவில் தண்ணீர் கொதித்தது. ரிகிசோ அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டுக்கொண்டே தாள்களை முக்கியெடுத்தான். சேத்சு அம்மாள் சீமைப்பனிச்சை மரத்து நிழலில் பாய் போட்டு, ஊர் வெயிலுக்கு ஒவ்வாத கறுப்புக் கிமோனோவோடு உட்கார்ந்திருந்தாள். அறுபதைத் தாண்டினவள், முதுகு மட்டும் வளையவில்லை.

"தெனமும் இத்தன வேலையா இதுக்கு?" என்றாள். "நாப்பது வருஷமா கடையில வித்துக்கிட்டிருக்கேன். கூரையில தொங்கறதத்தான் பாத்திருக்கேன். எப்படி வருதுன்னு யோசிச்சதே இல்ல."

"தெரிஞ்சிருந்தா வெல கூட்டிக் குடுத்திருப்பீங்களாக்கும்" என்றாள் சதாயோ.

"அதெப்படி? பேரம் பேச வர்றவங்கள இன்னும் கொஞ்சம் நல்லாத் திட்டியிருப்பேன்."

ஹிசானோ மிதிக்கிற காலை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். சதாயோவுக்கும் சிரிப்பு வந்தது, அதை அடக்கிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து விஷயத்துக்கு வந்தால் என்ன என்று தோன்றியது.

"சம்பந்தியம்மா, தெய்ஜிக்கு எங்க ஊர்க் குளிரு ஒத்துக்குமா? தை மாசத்துல கெணத்துக் கயிறே வெறச்சு நிக்கும்."

"பாக்கலாம்."

"எங்க வீட்டுக்காரரும் வெளியூர்லருந்து வந்தவருதான். மொத வருஷம் காதுல புண்ணு வந்துச்சு. அப்புறம் பழகிருச்சு. என்னங்க?"

"காதுல இன்னும் வலிதான்" என்றான் ரிகிசோ, அண்டாவிலிருந்து தலை நிமிராமல். "ஆனா அது குளிரால இல்ல."

"பாருங்க, வாயி நல்லா வேலை செய்யுது. அப்ப சம்பந்தியம்மா, நாங்க மாசி கடைசியில நாள் பாக்கலாமா?"

"பாக்கலாம், பாக்கலாம்" என்றாள் சேத்சு அம்மாள். பாயில் விழுந்திருந்த தாள் ஒன்றை எடுத்து, விரலால் நீவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அதற்குமேல் அவள் வாயிலிருந்து எதையும் வாங்க முடியவில்லை.

சாயங்காலம் பக்கத்து வீட்டுக் கானே, இரவல் வாங்கின முறத்தைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் வந்தாள். ஊர் நியாயம் முழுவதையும் முறத்தில் போட்டுக் கொண்டுவருகிற பெண் அவள். சமையல்கட்டில் சதாயோ கத்தரிக்காயை மிசோ விழுதில் பிரட்டி மாவுருண்டைக்குள் அடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, நாகோயாக்காரம்மா இன்னும் இருக்காங்களா?" என்று கானே ஆரம்பித்தாள்.

"இருக்காம என்ன? வேர் விட்டாச்சு. வசந்தத்துல பூக்கும்."

"பதில் சொன்னாங்களா?"

"பாக்கலாம்ங்கறாங்க. என்னத்தப் பாக்கணுமோ. வீட்டப் பாத்தாச்சு, கொல்லையப் பாத்தாச்சு, கக்கூசக் கூடப் பாத்தாச்சு. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிட்டுக் கெளம்ப வேண்டியதுதான? அறுப்பு நேரத்துல ஒரு ஆளுக்குத் தனியா வெந்நி வச்சு, தனியா சோறு வச்சு, எப்பத்தான் போவுமோ இந்தப் பொம்பள."

"மெதுவாப் பேசுக்கா."

"எங்க வீட்டுல நான் எதுக்கு மெதுவாப் பேசணும்?" என்றாள் சதாயோ. சொல்லிவிட்டுத் திரும்பினால், குளித்து முடித்த சேத்சு அம்மாள் ஈரத் தலையோடு நடையில் போய்க்கொண்டிருந்தாள். காகிதக் கதவு பாதி திறந்திருந்தது. காதில் விழுந்ததா இல்லையா என்பது அவள் முதுகைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. இராச் சாப்பாட்டில் மாவுருண்டை இரண்டைச் சாப்பிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொன்னாள். அந்த அம்மாள் இந்த வீட்டில் எதையும் நன்றாக இருக்கிறது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. சதாயோவுக்கு அன்றைக்குச் சரியாகத் தூக்கமில்லை.

மறுநாள் காலையில் எல்லோரும் ஆற்றங்கரைக்குப் போனார்கள். வெயில் நன்றாக அடித்தது. இரண்டு நாள் காய்ந்த தாள் இன்னும் ஒரு மத்தியானம் காய்ந்தால் கட்டித் தூக்கிவிடலாம். ரிகிசோ மட்டும் வீட்டில் தங்கினான், கொஞ்சம் கைவேலை இருக்கிறது என்றான். என்ன கைவேலை என்று சதாயோ கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

சதாயோ தாள்களைப் புரட்டிப் போட்டுக்கொண்டே மேற்கே ஜோனென் மலையைப் பார்த்தாள். மலையுச்சி தெரிந்தது. உச்சி தெரிகிறவரை பயமில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பார்த்தபோது உச்சியைக் காணோம், அந்த இடத்தில் கறுப்பாக ஒரு மேகம் உட்கார்ந்திருந்தது. அப்போதுதான், சோறு எடுத்துவர வீட்டுக்குப் போயிருந்த ஹிசானோ கையை வீசிக்கொண்டு ஓடி வந்தாள்.

"அம்மா, அவங்க போயிட்டாங்கம்மா."

"யாரு?"

"அத்தைதான். மூட்டையக் கட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. அப்பா மேலத்தான் தப்பு. அவரு வெளக்குமாறு கட்டி அவங்க ரூம் வாசல்ல வச்சுட்டாரு."

பின்னாலேயே ரிகிசோ மூச்சுவாங்க வந்தான். அவன் முகம் செத்துப்போயிருந்தது.

"பாவம் அந்தம்மா வந்ததுக்கு ஒண்ணுமே குடுக்கலயேன்னு நல்ல தாளாப் பொறுக்கி ஒரு கைவெளக்குமாறு கட்டினேன்" என்றான். "செவப்பு நூலு போட்டு. நுனி நேரா நிக்கணும்ல? ஈரத்துண்ட நுனியில கட்டி நிமித்தி வச்சேன். பழைய துணி வேண்டாம், மரியாதைக்கு புதுத் துண்டாக் கட்டுவோம்னு..."

"எங்க நிமித்தி வச்சீங்க?"

"அவங்க ரூமுக்கு வெளியதான். அங்கதான் நெழல் இருக்கு."

சதாயோ அப்படியே கல்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

விருந்தாளி கிளம்பாமல் உட்கார்ந்திருந்தால் துடைப்பத்தைத் தலைகீழாக நிறுத்தி, அதன் தலையில் ஒரு துண்டைக் கட்டி, அறைக்கு வெளியே சார்த்திவைப்பது ஜப்பான் முழுக்க எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. வைத்தால் விருந்தாளி எழுந்து போய்விடுவார் என்று நம்பிக்கை. விருந்தாளி அதைப் பார்க்காமல் வைக்க வேண்டும், பார்த்துவிட்டால் கன்னத்தில் அறைந்த மாதிரிதான். நிஷிஹாராவில் மட்டும் இந்த வழக்கம் செல்லாது. கட்டின துடைப்பத்தைப் படுக்கப் போட்டாலும் நுனி தரையில் படும்படி நிறுத்தினாலும் தாள் வளைந்துபோகும். அதனால் இங்கே வீட்டுக்கு வீடு, சுவருக்குச் சுவர், துண்டு கட்டியும் கட்டாமலும் துடைப்பங்கள் பிடி கீழே, நுனி மேலே என்று தலைகீழாகத்தான் நிற்கும். பிறந்ததிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருக்கிறவர்களுக்கு அது ஒரு பொருட்டாகத் தோன்றாது. ரிகிசோவுக்கும் முப்பது வருஷத்தில் மறந்துபோயிருந்தது.

"நீங்க கூப்புட்டுப் பாக்கலயா?" என்றாள் சதாயோ.

"கூப்புட்டேன். ரொம்ப நன்றி, ரொம்ப நாள் இருந்துட்டேன்னு குனிஞ்சு வணங்கினாங்க. நானும் பதிலுக்கு வணங்கினேன். நிமிந்து பாத்தா தெருக்கோடியில இருக்காங்க."

ஹிசானோ கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அம்மா, நீ போய்ச் சொல்லும்மா. பஸ் நிறுத்தத்துலதான் இருப்பாங்க. காலை பஸ் போயிருச்சு, அடுத்தது மத்தியானம்தான். அவங்க இப்படிப் போனாங்கன்னா தெய்ஜி வரமாட்டாரும்மா. அவர எனக்குத் தெரியும்."

சதாயோ மேற்கே பார்த்தாள். மேகம் மலையை விட்டு இறங்கி வந்துகொண்டிருந்தது. மகள் முகத்தைப் பார்த்தாள். ஒரு நிமிஷம்தான். எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டாள்.

"அந்தம்மா பஸ் வர்றவரைக்கும் இருப்பாங்க. மழை காத்திருக்காது. மொதல்ல தாள அள்ளு."

"அம்மா!"

"அள்ளுடீ. இது கறுத்துப்போச்சுன்னா அவன் வந்துதான் என்னத்தக் கட்டப்போறான்? நீயும் அவனும் ஒரு வருஷம் மாட்டுக்கொட்டிலக் கூட்டிக்கிட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான். ஏங்க, நிக்காதீங்க. வண்டியக் கொண்டாங்க."

மூன்று பேரும் குனிந்தது குனிந்தபடி அள்ளினார்கள். கானே தன் தாளை அள்ளி முடித்துவிட்டு இவர்களுக்கு உதவ ஓடி வந்தாள். முதல் வண்டி ரிகிசோவோடு போயிற்று. இரண்டாம் வண்டியை ஹிசானோவும் கானேவும் தள்ளிக்கொண்டு போனார்கள். கடைசியாகக் கரை ஓரத்துத் தாள் மிஞ்சியது. சதாயோ அதைப் பாயில் சுருட்டி முதுகில் ஏற்றிக்கொண்டாள். காற்று குளிர்ந்துவிட்டது. முதல் துளி கழுத்தில் விழுந்தது, விழுந்த கனத்திலேயே தெரிந்துவிட்டது இது சும்மா போகிற மழை இல்லை என்று. வீடுவரை போக நேரமில்லை. பக்கத்தில் கூரை என்று இருந்தது மேட்டுமேல் இருக்கிற பஸ் நிறுத்தக் கொட்டகை ஒன்றுதான். சதாயோ வேட்டைக்குத் தப்பின பன்றிபோல மேட்டில் ஏறினாள்.

கொட்டகையில் பலகை நுனியில், மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு, சேத்சு அம்மாள் நேராக உட்கார்ந்திருந்தாள்.

சதாயோ சுமையை இறக்கினாள். மழை கொட்டத் தொடங்கியது. ஆறு, வயல், ரோடு எதுவும் தெரியவில்லை. சாரல் உள்ளே அடித்தது. சேத்சு அம்மாள் எழுந்து, இன்னொரு முனையைப் பிடித்து, சுமையைச் சுவரோரம் இழுக்க உதவினாள். பிறகு மறுபடி பலகை நுனிக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"நனஞ்சிருச்சா?" என்று கேட்டாள்.

"இல்ல. மேல் பாயி மட்டும்தான்." சதாயோ தலைத்துண்டைப் பிழிந்தாள். "சம்பந்தியம்மா, அந்த வெளக்குமாறு..."

"அதப் பத்திப் பேச வேண்டாம். வந்த விருந்தாளிக்கு அளவு தெரியணும். எனக்குத் தெரியல. உங்க மேல தப்பில்ல."

"அது உங்களுக்குக் குடுக்கறதுக்குக் கட்டினதுங்க. எங்க வீட்டுக்காரரு செவப்பு நூலெல்லாம் போட்டு உங்களுக்காகக் கட்டியிருக்காரு. ஈரத்துண்டு கட்டினா நுனி நேரா நிக்கும். எங்க ஊர்ல எல்லா வெளக்குமாறும் அப்படித்தான் நிக்கும். எங்க கொட்டாயில போய்ப் பாருங்க, நூறு நிக்குது. அத்தனையும் உங்களப் போன்னு சொல்றதுன்னா நீங்க ஊரத் தாண்டி நாட்ட விட்டே போகணும்."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே சதாயோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புருஷன் மரியாதைக்கு என்று புதுத் துண்டு தேடி எடுத்ததை நினைக்க நினைக்க அடக்க முடியவில்லை. பலகையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"சிரிக்காதீங்க" என்றாள் சேத்சு அம்மாள். குரல் உடைந்திருந்தது.

சதாயோ நிறுத்திவிட்டாள்.

"துடைப்பம் உங்க ஊர்ல அப்படித்தான் நிக்கும். சரி. சமையக்கட்டுல பேசினது?"

மழை கூரைத் தகரத்தில் அடித்த அடியில் காது அடைத்தது. சதாயோ ஒரு பொய் சொல்லியிருக்கலாம், வாய் வரை வந்தது. ஆனால் பொய் சொல்கிற அலுப்பு அவளுக்கு எப்போதும் உண்மை சொல்கிற கஷ்டத்தைவிடப் பெரிதாகத்தான் இருந்தது.

"அது நான்தான்" என்றாள். "எப்பப் போவீங்கன்னு கேட்டேன். இல்லேன்னு சொல்ல மாட்டேன். அறுப்புல ஒடம்பு வலி, நீங்க ஒரு பதிலும் சொல்லல, வாயில வந்துருச்சு. நான் அப்படித்தாங்க பேசுவேன். எங்க வீட்டுக்காரரப் பேசறதக் கேட்டா இது எவ்வளவோ மேல்னு தோணும். ஆனா நீங்க காதுல வாங்கிட்டுப் போய் நல்லா இருக்குன்னு ரெண்டு உருண்ட சாப்பிட்டீங்க பாருங்க, அது எனக்கு ரொம்பச் சுட்டுருச்சு. மன்னிச்சுக்கங்க."

குனிந்து வணங்கினாள். நனைந்த தலையிலிருந்து தண்ணீர் சேத்சு அம்மாளின் செருப்பில் சொட்டியது.

சேத்சு அம்மாள் செருப்பைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"உருண்ட நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள். பிறகு, கடையில் கணக்குச் சொல்கிற குரலில், "போன மாசம் எங்க வீட்டுல வச்சா" என்றாள்.

"என்னத்த?"

"துடைப்பத்த. என் ரூமுக்கு வெளிய. பெரியவன் பொண்டாட்டி. எங்க கடையில தொங்கற துடைப்பத்துலயே ஒண்ண எடுத்து, துண்டு கட்டி. கடப் பையன் தெரியாம வச்சுட்டான்னு நெனச்சு நானே எடுத்து ஆணியில மாட்டினேன். மறுநாள் அதே எடத்துல இருந்துச்சு. அதுக்கு மறுநாளும். தெனமும் நான் எடுத்து மாட்டுவேன், தெனமும் அது எறங்கி வரும். வாய் தொறந்து ஒரு வார்த்த கிடையாது. நான் பொறந்த வீடு அது. அவ புருஷனுக்குச் சோறு ஊட்டினதே நான்தான்."

"தெய்ஜிக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா அவன் இங்க வருவானா? அண்ணியோட சண்டைக்கு நிப்பான். நான் சொல்லல." மூட்டையின் முடிச்சை இறுக்கினாள். இறுகியிருந்த முடிச்சுதான். "அவன் வீட்டுல இருக்கறவரைக்கும் எனக்கு ஒரு ஆளு உண்டு. அவன் இங்க வந்துட்டா..."

சதாயோவுக்கு எல்லாம் ஒரே நேரத்தில் புரிந்தது. படுக்கையைத் தானே மடித்தது, பாதிக் கோப்பைத் தேநீர், இரண்டாம் தடவை வாங்காத சோறு. அவள் குற்றம் கண்டுபிடிக்கவில்லை, தான் இருப்பது யாருக்கும் தெரியாமல் இருக்கப் பார்த்திருக்கிறாள். சதாயோவுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

"அதனாலதான் வேண்டாம்னு சொல்ல வந்தீங்களா?"

"வேண்டாமா? வந்த அன்னிக்கே சரின்னு தோணிருச்சு. உங்க பொண்ணு எந்திரத்துல ஏறி மிதிக்கறதப் பாத்தப்பவே." சேத்சு அம்மாள் முதல் தடவையாகச் சதாயோவின் முகத்தை நேராகப் பார்த்தாள். "சரின்னு சொல்லிட்டா வந்த வேல முடிஞ்சுது, கெளம்பணுமே. ஒரு நாள் தள்ளிப்போடலாம், இன்னும் ஒரு நாள்னு..."

சதாயோ எழுந்தாள். கொட்டகைக்குள் இரண்டு எட்டு நடந்தாள், அதற்குமேல் நடக்க இடமில்லை. வீட்டோடு வருகிற மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வருவான், அதிகமிருந்தால் ஒரு அலமாரியோடு வருவான். அத்தையோடு வந்ததாக இந்தப் பள்ளத்தாக்கில் யாரும் கேள்விப்பட்டதில்லை. கானேவுக்கு ஒரு வருஷம் பேச்சுக்குப் பஞ்சமிருக்காது. புருஷனைக் கேட்க வேண்டும் என்று நினைத்தாள். கேட்டால் அவன் என்ன சொல்வான் என்று தெரியும், ஆகவே கேட்டதாகவே வைத்துக்கொண்டாள்.

"அவன் வர்றப்ப நீங்களும் வந்துருங்க" என்றாள்.

"எங்க?"

"எங்க வீட்டுக்குத்தான். அந்த ரூமு உங்களுக்கு. வடக்குப் பாத்தது, குளிரும், அத முன்னாடியே சொல்லிட்டேன்."

"ஊரு சிரிக்கும்."

"எங்க ஊரு எதுக்குத்தான் சிரிக்கல? பனி விழறவரைக்கும் சிரிப்பாங்க, அப்புறம் அவங்கவங்க வீட்டுக் கூரையில பனி தள்ளப் போயிருவாங்க."

"நான் தர்மச் சோறு திங்க மாட்டேன்" என்றாள் சேத்சு அம்மாள். முதுகு இன்னும் நிமிர்ந்தது.

"தர்மமா? நல்லாக் கேட்டீங்க போங்க. எங்க வீட்டுல தர்மம் பண்ண எனக்கு நேரமில்ல. தை மாசம் பூரா ராவும் பகலும் கட்டுவோம். நூல் சுத்தித் தர ஆளில்ல. பேரம் பேச வர்ற வியாபாரிங்ககிட்ட எங்க வீட்டுக்காரரு தலைய ஆட்டிக்கிட்டே குடுத்துட்டு வந்துருவாரு, நான் போனா சண்டையில முடியும். நாப்பது வருஷம் அந்தப் பக்கம் உக்காந்து பேரம் பேசினவங்க இந்தப் பக்கம் உக்காந்தா எப்படி இருக்கும்னு நான் இப்பவே பாக்கறேன். நீங்க பாவம்னு நான் கூப்புடல. எனக்கு ஆளு வேணும்."

சேத்சு அம்மாள் சுவரோரம் இருந்த தாள் சுமையைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்புறம் இன்னொண்ணு" என்றாள் சதாயோ. "நான் மறுபடியும் பேசுவேன். அதுக்கு ஒவ்வொரு தடவையும் நீங்க மூட்ட கட்டினா பஸ் கம்பெனிக்குத்தான் லாபம். நீங்களும் திருப்பிப் பேசுங்க. வெளக்குமாத்த வச்சு ஒருத்தர ஒருத்தர் வெரட்டற கத எங்க வீட்டுல நடக்காது, வேணும்னாலும் முடியாது. எல்லாம் ஏற்கெனவே தலைகீழாத்தான் நிக்குது."

அப்போது மழைக்குள்ளிருந்து பஸ் வந்து நின்றது. ஓட்டுநர் கதவைத் திறந்து, கொட்டகை நிறைய இருந்த தாள் சுமையையும் இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஏறுறது யாரு? சோளமா, ஆளா?"

சேத்சு அம்மாள் மூட்டையோடு எழுந்தாள். கொட்டகை ஓரம்வரை போய், சேத்சு அம்மாள் ஓட்டுநரைப் பார்த்துச் சொன்னாள்: "கதவ இப்படித் தொறந்து வச்சா சாரல் உள்ள அடிக்குதுல்ல? தாள் நனையுது. சீக்கிரம் மூடிக்கிட்டுப் போ."

ஓட்டுநர் வாயைத் திறந்தான், அந்த முகத்தைப் பார்த்துவிட்டு வாயையும் கதவையும் சேர்த்து மூடிக்கொண்டான். பஸ் சேற்றை வாரி இறைத்துவிட்டுப் போயிற்று.

சேத்சு அம்மாள் திரும்பி வந்தாள். இந்தத் தடவை பலகை நுனியில் உட்காரவில்லை. நடுவில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, மூட்டையை மடியிலிருந்து இறக்கிக் கீழே வைத்தாள். இருவரும் மழை விடுவதற்காகக் காத்திருந்தார்கள். மேற்கே வெளுக்கத் தொடங்கியபோது சேத்சு அம்மாள் தொண்டையைச் செருமினாள்.

"ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன். அப்புறம் மறச்சுட்டேன்னு சொல்லக் கூடாது. தெய்ஜி தூக்கத்துல ஒதைப்பான். சின்ன வயசுலருந்தே. உங்க பொண்ணுகிட்ட சொல்லி வைங்க."

சதாயோவும் மறைக்கவில்லை.

"எங்க பொண்ணு பல்லக் கடிப்பா. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்."

"அப்ப சரி" என்றாள் சேத்சு அம்மாள். "ஒண்ண ஒண்ணு எழுப்பிக்கட்டும். நமக்கென்ன, நம்ம ரூமு வடக்கால."